பாரமா குற்றவாளி?

“கூட்டம் அதிகம். சர்வர் பாரம் தாங்கவில்லை. திரும்பக் கிளப்பியாயிற்று.”

பரீட்சை முடிவானாலும் சரி, ரயில் டிக்கெட்டானாலும் சரி, பாங்கிக் கணக்கானாலும் சரி, சேவை நின்று போனால் ஜனங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான். இத்துடன் விஷயம் முடிந்தது என்று ஸ்தாபனங்கள் நினைக்கின்றன. முடியவில்லை என்கிறோம் நாம்.

பாரம் அதிகமானது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக யந்திரம் ஏன் சாக வேண்டும்? அதுதான் கேள்வி.

ஒரு சர்வரில் எத்தனையோ புரோகிராம்கள் ஓடுகின்றன. அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு, நினைவகத்தையும் நெட்வொர்க்கையும் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல். மேலே ஒரு புரோகிராம் விழுந்தால் அது மட்டும் விழும். மற்றவை ஓடிக் கொண்டிருக்கும். கெர்னல் விழுந்தாலோ அனைத்தும் விழும். அஸ்திவாரம் பெயர்ந்த வீட்டில் எந்த அறை நிற்கும்?

பெரிய சேவைகளின் வாசலில் நிற்பது பிராக்ஸி சர்வர். வெளியிலிருந்து வருகிறவரின் இணைப்பை அது வாங்கிக் கொள்கிறது. பிறகு, உள்ளேயிருக்கும் யந்திரம் ஒன்றுக்குத் தானே வேறொரு இணைப்புப் போட்டுப் பேசுகிறது. ஆக, ஒருவருக்காக இரண்டு பக்கமும் வேலை. ஒவ்வொரு இணைப்புக்கும் கெர்னலில் இடம் வேண்டும், கணக்கு வேண்டும். மற்ற யந்திரங்களில் வருஷக் கணக்கில் தூங்கிக் கிடக்கும் ஒரு குறை இங்கே விழித்துக் கொள்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால், ஒழுங்கான கெர்னல் நெரிசலில் என்ன செய்யும்? புதிய இணைப்பை மறுக்கும். சில பாக்கெட்டுகளைக் கைவிடும். நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தி இடம் தேடும். வேகம் குறையும், உயிர் போகாது. பஸ் நிரம்பினால் “இடமில்லை” என்கிறார் கண்டக்டர். நடுரோட்டில் அச்சு முறிந்து பஸ் விழுந்தால், ஏறியவர்கள் மேல் பழி போடுவதா? அச்சைப் பார்க்க வேண்டாமா?

அச்சைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். லினக்ஸ் கெர்னலின் டி.சி.பி. பகுதியில் இருந்த ஒரு குறை, 2019 ஜூன் 17-ந் தேதி, திருத்தத்துடன் பகிரங்கமாக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் நெட்பிளிக்ஸ் கம்பெனியின் இஞ்சினீயர். ‘சாக் பேனிக்’ என்று அதற்குப் பெயர். 2009-ல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து பத்து வருஷம் அது உள்ளேயே இருந்தது!

என்ன குறை? அனுப்பிய பாக்கெட்டுகளில் எவை வந்து சேர்ந்தன என்று எதிர்ப்பக்கம் பொறுக்கிச் சொல்லும் ஏற்பாடு ஒன்று 1996-ல் வகுக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்ததும் கெர்னல் தன் கையிலுள்ள துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கலாம். சாதாரண யந்திரத்தில் 17 துண்டுகள், துண்டுக்கு 32 கிலோபைட். மொத்தம் 5,57,056 பைட் வரை சேரும். எதிர்ப்பக்கம் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே கேட்டால், ஒன்றில் 8 பைட் சரக்குதான் போகும். வகுத்துப் பாருங்கள்: 69,632 பாக்கெட்! இதை எண்ணி வைக்க ஒதுக்கிய இடமோ 16 பிட். 65,535-க்கு மேல் அதில் எண்ண முடியாது. கணக்கு வழிந்தது, கணக்குப் பொய்த்ததைக் கண்ட கெர்னல் தன்னைத் தானே நிறுத்திக் கொண்டது.

இதில் கூட்டம் எங்கே வந்தது? வெளியிலிருந்து ஒரு விஷமி போதும். ஆனால் நெரிசல் நேரத்தில் இது நடந்திருந்தால், “பாரம் தாங்கவில்லை” என்றுதான் சொல்லியிருப்பார்கள். குறை பதினோராவது வருஷமும் அங்கேயே இருந்திருக்கும்.

விழுந்த காரணத்தை அறிய வழி இல்லாமலில்லை. கெர்னல் விழும்போது, ஒதுக்கி வைத்த இன்னொரு சிறு கெர்னல் எழுந்து நினைவகத்தை அப்படியே பதிவு செய்யும் ‘கேடம்ப்’ என்ற வசதி லினக்ஸில் உண்டு. அதை ஏற்பாடு செய்யாமல், விழுந்த சில விநாடிகளில் தானாகத் திரும்பக் கிளம்பும்படி மட்டும் அமைத்து வைத்தால், அது பழுது பார்ப்பதாகுமா? தடயத்தை அழிப்பதே ஆகும்.

“திருத்தம் போட யந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறதே, சேவை கெடுமே” என்பார்கள். வாசலில் ஒரே ஒரு பிராக்ஸியை நிறுத்தியது யார்? இரண்டு இருந்தால், ஒன்று மாற்றி ஒன்று நிறுத்தித் திருத்தலாம். இரண்டாவது யந்திரத்துக்குப் பணமில்லை என்று மிச்சம் பிடித்தவர்கள், விழுந்த அன்று ஜனங்களின் நேரத்தையும் வேலையையும் பலி கொடுக்கிறார்கள்.

இன்னொரு பலியும் உண்டு. நடு இரவில் ஓடி வந்து யந்திரத்தைக் கிளப்பும் ராத்திரி ஷிப்டு ஊழியரிடம்தான் முதலில் விளக்கம் கேட்கிறார்கள். 16 பிட் கணக்கை வகுத்தவர் அவரல்ல. திருத்தத்தைத் தள்ளிப் போட உத்தரவிட்டவரும் அவரல்ல.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். பொது ஜனங்களின் காரியம் நடக்கும் யந்திரம் விழுந்தால் தடயத்தைப் பதிவு செய்யுங்கள். காரணத்தைக் கண்டு பகிரங்கமாகச் சொல்லுங்கள். வந்த திருத்தத்தைக் காலத்தில் போடுங்கள். ஊழியர் தலையில் பழியைக் கட்டாதீர்கள்.

கூட்டமாக வருவது ஜனங்களின் குற்றமல்ல. அவர்களுக்காகத்தானே சேவை! “கிளப்பியாயிற்று” என்பது பதிலாகாது. ஏன் விழுந்தது? அதைச் சொல்லுங்கள்!