நான் மனிதன்!

உழைப்பாளிக்கு வயிறு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறார்கள், ஒய்யார மாளிகைவாசிகள். மனமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறார்களா? கூலியைச் சற்றுக் கூட்டினால் கும்பிட்டுவிட்டுப் போவான் என்றுதானே கணக்குப் போடுகிறார்கள்!

அந்தக் கணக்கு பிழை என்கிறது, மனிதநேய உளவியல். அமெரிக்க அறிஞர் மாஸ்லோ 1943-இல் மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டினார். முதலில் பசி தீரவேண்டும், அடுத்து அச்சமற்ற வாழ்வு, அதன்மேல் அன்பு, அதற்கும் மேல் மதிப்பு, முடிவாக, உள்ளுறங்கும் ஆற்றல் மலரும் நிலை. பரிவோடு செவிசாய்த்தால் எந்த மனிதனும் வளர்வான் என்றார், கார்ல் ரோஜர்ஸ்.

ஏட்டுச் சுரைக்காய் என்று ஏளனம் பேசுவோரை மெம்பிஸ் நகருக்கு அழைக்கிறோம்.

1968 பிப்ரவரி 1. குப்பை வண்டியின் நசுக்கும் பொறியில் சிக்கி மாண்டனர், கறுப்பினத் தொழிலாளர் இருவர். பிப்ரவரி 12-இல் ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு கேட்டனர்; சங்கத்தை ஏற்கக் கேட்டனர். ஆனால் அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்த வாசகம் என்ன தெரியுமா? ‘நான் மனிதன்!’

மாஸ்லோவைப் படித்துவிட்டா அட்டை பிடித்தார்கள்? இல்லை. அறிஞன் ஆய்ந்து கண்டதை உழைப்பாளி வாழ்ந்து கண்டான்!

அவர்களுக்குத் துணைநின்றார், மார்ட்டின் லூதர் கிங். அதற்கு முந்தைய ஆண்டு, 1967 செப்டம்பரில், வாஷிங்டனில் உளவியலார் மாநாட்டில் பேசியவர் அவர். சூழலோடு பொருந்தாதவனை நோயாளி என்கிறீர்களே, இனவெறியோடும், பலர் சோற்றைப் பறித்துச் சிலருக்குச் சொகுசு தரும் பொருளாதாரத்தோடும் பொருந்திப்போகவே கூடாது என்பது அன்று அவர் வாதம். 1968 ஏப்ரல் 4-இல் மெம்பிசில் அவரைச் சுட்டு வீழ்த்தினர். கொள்கையை வீழ்த்த முடிந்ததா? ஏப்ரல் 16-இல் நகராட்சி பணிந்தது, சங்கம் ஏற்கப்பட்டது, கூலி உயர்ந்தது.

தோழர்களே! துவண்டவனுக்கு ஆறுதல் கூறுவது நல்ல மருத்துவம். துவளவைக்கும் அமைப்பைத் திருத்துவது அதனினும் பெரிய மருத்துவம். கோரிக்கைப் பட்டியலில் கூலிக்குக் கீழே மரியாதையையும் எழுதுவோம். ‘டேய்’ என்று அழைக்கும் மேலாளரைத் தட்டிக்கேட்கும் நாம், நமது சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசைத் தோழன் வாய்திறக்க இடம் தருகிறோமா? அவன் பேசட்டும், நாம் கேட்போம். மதிப்பை ஊரிடம் கேட்குமுன் நமக்குள் வழங்கிப் பழகுவோம்!