இலவசம் வேறு, கட்டற்றது வேறு

தமிழ் கற்பிப்போருக்குக் கம்பைலரிடம் என்ன வேலை என்று வினவும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

தாம்பரத்தை அடுத்த கல்லூரி ஒன்றில் கணிப்பொறி பயிலும் மாணவர் ஒருவர், யாப்பில் ஈடுபாடு உடையவர், வெண்பாவின் எழுத்துகளை எண்ணித்தரும் சிறு நிரல் ஒன்றை சி மொழியில் எழுதி நம்மிடம் கொண்டுவந்தார். தமிழை ரோமன் எழுத்தில் உள்ளிட்டால் ஆய்வகத்து டர்போ சி-யில் அது ஓடியது. வீட்டில், லினக்சில், ஜிசிசி அதை ஏற்க மறுத்துவிட்டது. "அப்படியானால் நான் படித்தது சி இல்லையா, ஐயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குக் கல்வியாளர்கள்தாம் விடை சொல்ல வேண்டும். டர்போ சி, போர்லாண்ட் நிறுவனம் 1987இல் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்டது. திரையைத் துடைக்க அது தரும் கட்டளையும், அதற்கான 'கோனியோ' என்னும் தலைப்புக் கோப்பும் 1989இல் வகுக்கப்பட்ட சி மொழித் தரத்தில் இல்லை. அதன் முழு எண் 32,767-ஐத் தாண்டாது. இன்றைய ஜிசிசி-யில் 214 கோடி வரை செல்லும். 64 பிட் விண்டோசில் அது நேரடியாக ஓடுவதுமில்லை. டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸ் ஒன்றைக் கட்டி அதற்குள் உயிர்ப்பிக்கிறார்கள். நாஞ்சில் வழக்கு அழகியதுதான். அதையே நன்னூல் என்று வகுப்பில் நடத்தினால் ஒப்புவோமா?

கட்டற்ற நிரல்பெயர்ப்பிகளுக்குள்ளும் பிணக்குகள் உண்டு, மறுக்கவில்லை. 64 பிட் லினக்சில் ஜிசிசி-யின் 'லாங்' எண் 64 பிட். விண்டோசுக்கான அதன் வடிவமாகிய மின்ஜிடபிள்யூ-வில் 32 பிட். அகல எழுத்து அங்கே 32 பிட், இங்கே 16 பிட். மாணவர் தம் நிரலை யுனிகோடுக்கு மாற்றி எழுதினார். லினக்சில் தமிழ் தெரிந்தது. விண்டோசின் கறுப்புச் சாளரத்தில் குப்பை கொட்டியது. 'தமிழ்' என்ற சொல்லுக்குப் பைட்டுகளை எண்ணினால் 15, குறியீடுகளை எண்ணினால் 5. மூன்றெழுத்து என்று இரண்டுமே தாமாகச் சொல்லவில்லை. அவை முழுமையாக ஒத்துப்போன இடம் இது ஒன்றுதான்! இகரக் குறியும் புள்ளியும் தனியெழுத்து அல்ல என்று நிரலுக்குச் சொல்ல இலக்கணம் அறிந்தவர் வேண்டும். நமக்கு இங்குள்ள வேலை இதுவே.

ஆனால் இவ்விரண்டு குறைகளும் ஒன்றல்ல. ஆங்கிலம் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்குள் மறைப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. டர்போ சி-யின் பழைய பதிப்புகள் இலவசமாயின. உள்ளே திறந்து பார்க்க வழியில்லை. ஸ்டால்மன் அதே 1987இல் வெளியிட்ட ஜிசிசி கட்டற்றது. அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஒன்று உறைந்துபோயிற்று, மற்றது வளர்ந்துகொண்டிருக்கிறது.

தேர்வுக்கு இது போதும் என்பார்கள் சிலர். தேர்வு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்தொடர்வண்டியில் வந்து படிக்கும் முதல் தலைமுறை மாணவர், வேலைக்குப் போன பிறகு எல்லாவற்றையும் மறந்து மீண்டும் கற்க வேண்டுமா? டிஸ்கி, டாம், டாப் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் வைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாமல் தவித்த நமக்குப் பொதுத் தரத்தின் அருமை தெரியாதா? 2010இல் தமிழக அரசே யுனிகோடை ஏற்றது. தாம்பரத்திலிருந்து இரண்டாவது நிலையமான குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையம், சென்னை சி-டாக்குடன் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கியது. அத்தனை அருகில் விளக்கு இருந்தும் நம் ஆய்வகங்கள் சில இருளில் கிடக்கின்றன.

நாம் கேட்பது பெரிதன்று. தரத்தைக் கற்பியுங்கள், ஒவ்வொரு பயிற்சியையும் இரண்டு இயங்குதளங்களில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு தோன்றினால் அதையே பாடமாக்குங்கள்.

"நீங்கள் படித்தது சி-தான், தம்பி" என்று அந்த மாணவரிடம் சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை.