அச்சமோ வழிபாட்டின் தாய்?

அச்சமே கடவுளைப் படைத்தது என்றும், அறிவு வளர அச்சம் தேயும், அச்சம் தேய வழிபாடும் ஒழியும் என்றும் கூறுவர் ஒருசாரார். இக்கூற்று உளநூல் முறைக்கும் உலகியலுக்கும் ஒவ்வாமை ஈண்டுக் காட்டப்படும்.

அச்சத்தின் தொழில் யாது? அஞ்சிய பொருளினின்று விலகி ஓடுதல். வழிபாட்டின் தொழில் யாது? வழிபடு பொருளை அணுகி நிற்றல். விலக்குவதொன்று அணுகுதற்குக் காரணமாதல் யாங்ஙனம்? 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு புகைவண்டியொன்றும் கடலுக்கு இரையாயிற்று. அவ்வூர் குடியிருத்தற்குத் தகாததென அரசினர் அறிவித்தனர். குடிகள் அகன்றனர், இஃது அச்சத்தின் பயன். ஆயின், அதே கடலில் நீராடுதற்பொருட்டு அடியார் இன்றும் செல்கின்றனர். அச்சம் ஒன்றே உளதாயின், இச்செலவு நிகழ்தற்கு இடமில்லை.

கள்வனுக்குப் பொருள் தந்து பணிதல்போல அஞ்சியே பணிகின்றனர் எனின், அதுவும் பொருந்தாது. என்னை? கள்வனுக்குப் பொருள் கொடுப்பவன் அவன் அகலுதலையே விரும்புவான். இராமேசுவரத்து மூன்றாம் பிரகாரத்தை வலம் வருவானோ சந்நிதியை விட்டு நீங்க மனமின்றி நிற்பான். அன்றியும், இராமபிரான் இராவணனை வென்று மீண்ட பின்னரே சிவலிங்கம் நிறுவி வழிபட்டான் என்பது இத்தல வரலாறு. மாண்ட பகைவனுக்கு அஞ்சுவார் யார்? கொலைப்பழிக்கு அஞ்சினான் எனின், பழியஞ்சுதல் அறிவுடையார் இயல்பு. துன்பங்கண்டு நடுங்கும் அச்சம் அன்று.

அற்றேல், வழிபாட்டில் அச்சம் இன்றோ எனின், உண்டு, தனித்து இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் மருட்கையையும் அச்சத்தையும் வேறுவேறாக வைத்தார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கைக்கும், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அச்சத்திற்கும் நிலைக்களன். ஒரு பொருளே இருவகை நிலைக்களனும் ஆயவிடத்து, நெஞ்சம் ஒருங்கே நடுங்கும், ஒருங்கே ஈர்க்கப்படும். செருமானிய அறிஞர் உருடால்பு ஆட்டோ 1917இல் வெளியிட்ட நூலில், தெய்வத்தன்மை நடுக்குவதும் ஈர்ப்பதுமாம் என்றார். 2003இல் அமெரிக்க உளநூலார் கெல்ட்னரும் ஹெய்ட்டும், பேரளவும் பழைய அறிவினுள் அடங்காமையுமே இவ்வுணர்விற்கு அடிப்படையென வகுத்தனர். அச்சுறுத்தலை மேலே கலக்கும் சுவைகளுள் ஒன்றாகவே வைத்தனர். அவ்விரண்டும் முறையே பெருமையையும் புதுமையையும் ஒத்தல் ஓர்க.

இனி, அறிவு வளர்ச்சியை நோக்குவாம். புயல் தோன்றுங் காரணம் இன்று அறியப்பட்டுளது; அதன் வரவும் முன்னறிவிக்கப்படுகின்றது. அதனாற் குறைந்தது அச்சமே. கடலின் பெருமை அன்று.

திருவாசகத்துள் அச்சப்பத்தும் உண்டு; அதிசயப்பத்தும் உண்டு. அச்சப்பத்தில் மணிவாசகர் பாம்பு முதலியவற்றிற்கு அஞ்சாராய், சிவனிடத்து அன்பிலாரைக் காணின் அஞ்சுவதாகக் கூறுகின்றார். அச்சமே கடவுளைப் படைத்ததாயின், உலக அச்சம் அகன்ற அடிகள் நெஞ்சினின்று கடவுளும் அகன்றிருத்தல் வேண்டும். அங்ஙனமின்றி, ஆண்டு அன்பே நிறைந்தது. ஆகலின், அச்சத்தை வழிபாட்டின் தாயென்பார், வாயில் காப்பானை வீட்டுத் தலைவனென மயங்கினாராவர்.