நடுகல்லுக்கு எதுக்குய்யா டுடுக்?

கிருஷ்ணகிரி, ஓசூர் சுத்துவட்டாரத்துல நடுகல் நிறைய. மாடு மீட்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு ஊர்க்காரங்க நட்டு வச்ச கல்லு. கன்னடம் பேசறவங்க வீரகல்லும்பாங்க. இப்பல்லாம் ஆளாளுக்கு கேமராவோட கிளம்பி அதைப் படம் புடிச்சு யூட்யூப்ல போடறாங்க. ரொம்ப நல்ல விஷயம். சத்தத்தை அணைச்சுட்டுப் பாத்தா இன்னும் நல்லா இருக்கும் :-)

சத்தம் வச்சா என்ன வருது? ஒரு பொம்பளை பாலைவனத்துல வழி தொலைச்ச மாதிரி "ஆ... ஆ..."ன்னு அழுவுது. பின்னாடியே டுடுக். சாமிகளா, அது ஆர்மீனியாக்காரன் வாத்தியம்! 2000ல கிளாடியேட்டர் படம் வந்தாலும் வந்துச்சு, பழைய காலம்னாலே உலகம் பூரா இந்த ஊதல்தான். சுரமும் ஒண்ணே ஒண்ணு: மாயாமாளவகௌளை. அதையும் அரபு நாட்டுக் கடைத்தெரு மாதிரி இழுத்து, அடியில கனமா கார்டு அடுக்கி.

"ஏன், மாயாமாளவகௌளை பழசு இல்லையா?"ன்னு கேப்பீங்க. பழசுதான். தேவாரத்துல இந்தளப் பண்ணை ஓதுவாருங்க அந்த ராகத்துலதான் பாடறாங்க. ஆனா அதே ஓதுவார் பழம்பஞ்சுரத்தை சங்கராபரணத்துல பாடுவார். சங்கராபரணம்னா என்ன? கீபோர்டு வாங்கின அன்னைக்கே எல்லாரும் வெள்ளைக் கட்டையில தட்டற சி மேஜரோட அதே ஏழு சுரம்! அதுல பழைய வாடை எங்க இருக்கு?

நீங்களே செஞ்சு பாருங்க. அந்தச் சுரத்துக்கு அடியில சி, எஃப், ஜி கார்டு வைங்க. கிறிஸ்துமஸ் கேரல் ஆயிடும். இப்ப கார்டை மொத்தமா தூக்கிட்டு, ச-ப சுருதியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வளைச்சு நிதானமா வாசிங்க. அதே ஏழு சுரம், ஆனா ஊரே வேற. கார்டு மாறறப்பல்லாம் பாட்டோட காலுக்குக் கீழ தரை நகருது. சுருதி நின்னா 'ச' நகராது; மத்த ஆறு சுரமும் அதுல இருந்து எவ்வளவு தூரம்ங்கறதுதான் அதுங்களோட குணம். ஐரோப்பாவுலயும் இடைக்காலத்து கிரிகோரியன் பாட்டு ஒத்தை வரியாத்தான் ஓடுச்சு. கார்டு அடுக்கறதெல்லாம் பிற்பாடு வந்த சமாச்சாரம்.

சோழன் கணக்கையே பாருங்களேன். தஞ்சைப் பெரிய கோயில்ல திருப்பதியம் பாட ராஜராஜன் வச்ச ஆளுங்க 48 பேர். கூட உடுக்கை ஒண்ணு, கொட்டிமத்தளம் ஒண்ணு. ஆளுக்குத் தினம் மூணு குறுணி நெல்லுன்னு கல்வெட்டுலயே இருக்கு. அம்மாம்பெரிய கோயில்லயே திருப்பதியம் பாடறவங்களுக்குத் தாளத்துக்கு ரெண்டு பேர்தான். உங்க நாலு நிமிஷ வீடியோவுக்கு இருநூறு வயலினா?

"யாழே அழிஞ்சு போச்சு, ஓதுவார் பாட்டும் ஆயிரம் வருஷத்துல மாறியிருக்கும், நீ என்ன அசலைக் கண்டே?"ன்னு ஒருத்தர் சண்டைக்கு வருவார். மாறித்தான் இருக்கும் அண்ணாச்சி. ஆனா அது இங்கயே இருந்து மாறினது. ஹாலிவுட்ல இருந்து இறங்கினதும் அதுவும் ஒண்ணா? நம்ம வயக்காட்டுக் கல்லைப் பாக்கற பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு ஒட்டகம் ஞாபகம் வந்தா யார் பொறுப்பு?

செலவும் கம்மிதான். ஒரு சுருதிப்பெட்டி, ஒரு புல்லாங்குழல், ஒரு உடுக்கை. சிப்காட்ல ஷிப்ட் முடிச்சுட்டு வந்து வாசிக்கற பசங்க ஓசூர்லயே இருக்காங்க. கூப்பிட்டுப் பாருங்க, டீயும் போண்டாவும் வாங்கிக் குடுத்தா வந்துடுவாங்க.