கோடை முகாம்களுக்கும் வேண்டும் ‘வாட்டர் பெல்’

தேர்வுகள் முடிந்தாயிற்று. சென்னையின் மயிலாப்பூர் தெருக்களிலும் அடையாறு மைதானங்களிலும் கிரிக்கெட் மட்டைகள் வெளியே வந்துவிட்டன. செல்பேசிக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால், 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. போதாக்குறைக்குக் காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாது. உடல் சூடும் தணியாது. ஆட்ட மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகமும் தெரியாது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ 2025இல் பள்ளிகளுக்கு வந்தது. விடுமுறைப் பயிற்சி முகாம்களில் அந்த மணி ஒலிப்பதில்லை. அங்கும் அது ஒலிக்க வேண்டும். அதோடு, முற்பகல் 11 முதல் மாலை 4 வரை திறந்தவெளிப் பயிற்சி கூடாது என்பதை மைதான அனுமதிக்கான நிபந்தனையாகவே மாநகராட்சி விதிக்க வேண்டும்.

வெயிலில் ஆடிய குழந்தை உளறினாலோ மயங்கினாலோ நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.