கதையும் கல்வெட்டும்

ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்த கொலையொன்று இன்றும் தமிழர்தம் இல்லங்களிற் பேசப்படுகின்றது. சுந்தரச்சோழனின் மூத்த மகனும், பாண்டியன் தலைகொண்டவன் எனக் கல்வெட்டால் புகழப்பெற்றவனுமாகிய ஆதித்த கரிகாலனின் கொலையே அது. ஆயினும், அதனைப் பேசுவோருட் பெரும்பாலோர்க்கு அச்செய்தியை அறிவித்தது கல்லன்று, கதையே! கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமையிதழில் தொடராக வந்து, பின்னர் நூலாகி, 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாகவும் விரிந்தது.

சோழர் பெயரையே மறந்திருந்த பல்லாயிரவரைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் திருப்பிய பெருமை அப்புதினத்திற்கு உண்டு. அதனை மறுப்பது நன்றியன்று. ஆனால், புனைவை வரலாறெனக் கொள்ளும் மயக்கமும் அதனோடு வளர்ந்துவிட்டது. நந்தினி என்பாள் எக்கல்வெட்டிலும் இல்லாதவள். கல்கி படைத்த கதைமாந்தர் அவள். கடம்பூர் மாளிகையிற் கொலை நிகழ்ந்ததென்பதும் கதையே. கல்கியும் கொலைஞன் இன்னான் என அறுதியிட்டுரையாது விட்டார். கதையாசிரியர் காட்டிய அடக்கத்தைக் கதை படித்தோர் காட்டுகின்றாரிலர்!

கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கு அணித்தே, காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உண்மைச் சான்று நிற்கின்றது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பெற்றது அது. கரிகாலனைக் கொன்ற இரண்டகர் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரை அது பெயர் சுட்டிக் கூறுகின்றது. இரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரன் இருமுடிசோழப் பிரமாதிராசன் என்றும் பட்டம் உடையவர். பிரமாதிராசன் என்பது அரசில் உயர்நிலை பெற்ற பார்ப்பனர்க்கு வேந்தர் வழங்கிய பட்டம். இவர்தம் உடைமைகளையும் இவர்தம் உறவினர் உடைமைகளையும் கைப்பற்றுமாறு ஊரவைக்கு வேந்தன் விடுத்த ஆணையே அக்கல்வெட்டின் உயிர்ப்பகுதி.

கல் கூறுவது இவ்வளவே. கொலைக்குற்ற கரணியம் யாது? ஏவியவர் எவர்? கல் வாய்திறக்கவில்லை. அவ்வெற்றிடத்திலேதான் ஆய்வாளரும் கதைஞரும் புகுந்தனர். உத்தமசோழன் ஆட்சியில் ஒறுப்பு நிகழாமல், கி.பி. 985-இல் இராசராசன் அரியணை ஏறிய பின்னரே ஆணை பிறந்தது எனக் கருதி, நீலகண்ட சாத்திரியார் உத்தமசோழன்பால் ஐயங்கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். உத்தமன் குற்றவாளியாயின், அவன் அன்னை செம்பியன் மாதேவியை இராசராசன் போற்றியதும், அவன் மகன் கண்டராதித்தனுக்கு அரசியலிற் சிறப்பிடம் தந்ததும் யாங்ஙனம்? மேலும், இரண்டாம் ஆண்டு ஆணை உறவினர் உடைமைகளைப் பற்றியும் பேசுகின்றது. ஆகலின், கொலைஞர்க்குரிய முதல் ஒறுப்பு அதுவேயெனக் கொள்ளவும் இடமில்லை.

சான்றில்லாத இடத்துத் தீர்ப்பு வழங்குதல் அறமன்று. தன் பக்கம் பேசவியலாத ஒருவன்மீது ஆயிரம் ஆண்டு கழித்துப் பழி சுமத்துவது கொடிதன்றோ? அதுபோன்றே, கல்லிற் கண்ட சிலர் குற்றத்தை ஒரு குலத்தின் குற்றமாக்குதலும், கல்லிற் கண்ட பெயர்களையே பேசாது மறைத்தலும் ஒருநிகரான பிழைகளே. கல் கூறியதைக் குறைக்கவும் வேண்டா. கூறாததைக் கூட்டவும் வேண்டா.

தமிழர் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் தமிழிலேயே எழுதப்பட்டுக் கிடக்கின்றது. ஆயின், மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது! தம் முன்னோர் எழுத்தைத் தாமே படிக்கவியலாத இனம், பிறர் சொல்லும் கதையையே வரலாறென நம்பும்.

ஆகவே, புதினத்தைச் சுவைக்க, தடையில்லை. ஆனால், அதனை மூடிவைத்த கையோடு ஒருநாள் உடையார்குடிக்குச் செல்க. பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று, அச்சுவரின்முன் நிறுத்தி, எழுத்தெழுத்தாய்ப் படித்துக் காட்டுக. கரிகாலனுக்குத் தமிழர் செய்யத்தக்க கடன் அதுவே.