கண்ணேறா, கிணற்று நீரா?

ஆரணிப் பக்கம் படவேட்டில் ஒரு நெசவாளத் தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. உள்ளே தோழர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சிச் சாயமிட்ட பட்டு நூல் முழுவதும் திட்டுத் திட்டாய்ப் போய்விட்டதாம். யாரோ கண் வைத்துவிட்டார்களாம்! இதற்குக் கழிப்புச் செய்வதாக ஓர் ஆசாமி பணமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

நாம் கேட்டது ஒன்றுதான்: நூல் காய்ச்சிய தண்ணீர் எது? புதிதாய்ப் போட்ட ஆழ்குழாய்க் கிணறு, சற்று உப்புத் தண்ணீர் என்றார்.

இரண்டு புட்டிகளை எடுத்து, ஒன்றில் மழைநீரும் மற்றதில் அக்கிணற்று நீரும் ஊற்றிச் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினோம். மழைநீர் நுரைத்தது. கிணற்று நீரோ திரிந்த பாலாயிற்று. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பும் சோப்பும் கூடிக் கரையாத புதுப் பொருளாகின்றன. இதையே வீழ்படிவு என்பார்கள். அந்தப் பிசுக்கு நூலில் ஒட்டிய இடத்தில் சாயம் எப்படி ஏறும்?

கணக்கையும் பார்ப்போம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினம் உள்ள நீரென்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு இந்தியத் தரம் விரும்பும் அளவு 200. வேறு நீர் இல்லையேல் 600 வரை ஒப்புகிறது. ஆகவே இது குடிக்கவும் ஆகும் நீரே. ஒரு கிலோ நூலுக்கு 30 லிட்டர் என்றால் கடினம் 9 கிராம். 100 பங்கு கடினம் 612 பங்கு சோப்பைத் தின்னும். ஆக 55 கிராம் சோப்பு நூலைத் தொடாமலே பாழ். அதே கடினத்தைச் சலவைச் சோடா கொண்டு படிய வைக்க 106 பங்கே போதும். அதாவது ஒன்பதரை கிராம். கல்லாக விற்கும் சோடாவில் பெரும்பகுதி தண்ணீரே ஆகையால் அதில் 26 கிராம் வேண்டும். சோடாவை முதலில் போட்டுச் சூடாக்கித் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்த பிறகே சோப்புப் போடவேண்டும்.

கை நிறைய அள்ளிப் போட்டால் என்ன என்றார் தோழர். கூடாது! மிஞ்சிய சோடா பட்டின் பளபளப்பையும் வலுவையும் கெடுத்துவிடும். ஆதலால் தண்ணீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, கடினம் எவ்வளவென்று எழுதி வாங்கச் சொன்னோம். கழிப்புக்காரனிடம் போய், எத்தனை கிராம் கண் பட்டதென்று கேட்டுப் பாருங்களேன்!

பிறகொரு முறை போனபோது நூல் சீராகச் சாயம் ஏறி உலர்ந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் தொங்குகிறது. கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். சோடாவை மாத்திரம் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்.